எங்க மாமா பட்டையில காயம் இல்ல

உக்காந்துதான் குடிச்சா, அதுல என்ன இருக்கு? லயத்து வரிசையில கடைசி வீடு, அந்தத் தொங்கல் காம்பராக்காரி மருமக, மாமனாருக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து தேத்தண்ணி குடிச்சாள்னு தண்ணி புடிக்கிற பீலிக்கரையில இருந்து இங்கவரைக்கும் சொல்லிக்கிட்டே வர்ற. அந்த மனுசனே ஊத்திக் குடுத்தாருன்னும் நீதான் சொல்ற. அவரு ஊத்திக் குடுத்து அவ குடிச்சா, உனக்கும் எனக்கும் எங்க நோவுது தங்கச்சி? வா, இப்படி உக்காரு. அந்த மொறத்த இங்கிட்டுத் தள்ளு. மொளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கிட்டே பேசலாம். நீ கிள்ளலைன்னாலும் பரவால்ல, பேசு.

வேணாம், நானே பேசுறேன். உன் பேச்சக் கேட்டதும் எங்க மாமா நெனப்பு வந்துருச்சு.

எங்க மாமான்னா என் வீட்டுக்காரரப் பெத்தவரு. நீயெல்லாம் இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வர்றதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டாரு. அவருகூட ஒரே மலையில பதினோரு வருசம் ரப்பர் பால் வெட்டுனேன். அந்தப் பதினோரு வருசத்துல அவரு என்னப் பாத்து ஒரு வார்த்த நேராப் பேசுனது கெடையாது. நானும் அவருகிட்டப் பேசுனது கெடையாது. மருமக மாமனாருக்கு முன்னால நிக்கக்கூடாது, எதுக்க வரக்கூடாதுன்னு இருந்த காலம். ஆனா என் கையில இருக்குற வேல பூரா அவரு சொல்லித் தந்ததுதான். எப்படிச் சொல்லித் தந்தாருன்னு கேளு. மரத்துக்கிட்டச் சொல்லித் தந்தாரு.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

நான் அரநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவ. நடக்கப் பழகுன நாள்ல இருந்து கொழுந்துக் கூடைதான். ரெண்டு கையும் சேந்து ஓடணும், கண்ணு அடுத்த செடியில இருக்கணும், பக்கத்து நெரைக்காரிய முந்திப் போகணும். எங்க மலையில எனக்கு முன்னால போக ஆளு கெடையாது. அங்கருந்து கல்யாணம் கட்டி இந்த ரப்பர் காட்டுக்குள்ள வந்து விழுந்தேன். அப்ப மாட்டு வண்டிதான், இப்ப மாதிரி கேகாலைக்கு பஸ்ஸெல்லாம் ஏது. வந்து எறங்கிப் பாத்தா வானமே தெரியல. மேல பூரா எலை. கீழ கொசுவும் அட்டையும். ஒரு வாரம் அழுதேன்.

எங்க மாமியா பாத்துச்சு. "அழுது முடிச்சாச்சா, இன்னும் இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தை"ன்னேன்.

"சரி, கஞ்சி ஆறுது. அதக் குடிச்சிட்டு அழு."

அதுதான் எங்க மாமியா. அதப் பத்தி இன்னொரு நாளு தனியாப் பேசணும், ஒரு நாளு பத்தாது.

என் வீட்டுக்காரருக்குக் கத்தி வராது. அவருக்கு ஸ்டோருல ரப்பர் சீட்டு உருட்டுற வேல. மாமாவுக்கு அந்த மேட்டு மலையில ஒவ்வொரு மரமும் தெரியும், குழி வெட்டி நட்டதே அவரு செட்டு ஆளுகதான். வயசாகுது, கூட ஒரு கை இருக்கட்டும்னு கண்டாக்கு ஐயா என்ன அவருகூடப் போட்டுட்டாரு. கண்டாக்கு ஐயா, தொரைக்கு அடுத்தபடியா மலையப் பாக்குறவரு. யாழ்ப்பாணத்து ஆளு. கக்கத்துல எப்பவும் ஒரு புத்தகம் இருக்கும். அவரு பேசுற தமிழு எங்களுக்குப் பாதி புரியும், எங்க தமிழு அவருக்குப் பிடிக்காது.

மொத நாளு மாமா முன்னால போறாரு, நான் முக்காடு போட்டுக்கிட்டு இருபது முழம் பின்னால போறேன். மொத மரத்துக்கிட்ட நின்னாரு. நான் அடுத்த மரத்துக்குப் பின்னால மறைஞ்சு நின்னேன். தொண்டையச் செருமுனாரு. மறுபடியும் செருமுனாரு. அப்புறம் மரத்தப் பாத்துச் சொல்றாரு:

"ஏம்ப்பா, இன்னைக்குப் புதுசா ஒரு ஆளு வந்திருக்கு. உன் பாலு பட்டைக்குள்ள இருக்கு. பட்டைக்கு அந்தாண்ட கட்டை. கட்டையில கத்தி படக்கூடாது. இப்ப நான் வெட்டுறேன், வலிச்சாச் சொல்லு."

நான் முந்தானைய வாயில வச்சு அடைச்சுக்கிட்டேன். அந்த மனுசன் சிரிக்கவே இல்ல. ஒரு சீவல் எடுத்தாரு, மேல இருந்து கீழ சரிஞ்சு வந்த கோடு, அதுல பாலு ஊறி ஊறி எறங்கிச் சிரட்டையில விழுந்துச்சு. கத்தியத் தொடைச்சு மரத்தடியில வச்சுட்டுத் தள்ளிப் போயி, எனக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டாரு. நான் வந்து எடுத்து வெட்டணும்னு அர்த்தம்.

நீ புல்லு வெட்டுக்குப் போறவ, கத்தி புடிச்சதில்ல, அதனால சொல்றேன். சீவல் வெத்தலைக் கனத்துக்குத்தான் இருக்கணும். மேலாப்புல சீவினா பாலு வராது. ஆழமாப் போனா கட்டையில பட்டுக் காயம். காயம் பட்ட எடம் முண்டும் முடிச்சுமா வளரும், மறுபடி அந்தப் பட்டையில கத்தி ஓடாது. ஆனா இதுல ஒரு கெட்ட சங்கதி என்னான்னா, ஆழமா வெட்டுனா அன்னைக்கு வாளி நெறையும். கையில திறமை இல்லாதவன் வாளியக் காட்டிப் பேரு வாங்கிட்டுப் போயிருவான், மரம் பின்னாலதான் நோவும்.

இதையெல்லாம் மாமா மரத்துக்கிட்டத்தான் சொல்வாரு. "கத்திய இம்புட்டு இறுக்கிப் புடிச்சா உனக்கு மூச்சு முட்டாதா?"ன்னு கேப்பாரு. நான் சரியா வெட்டுனா, "இன்னைக்கு நல்லாத் தூங்கு"ம்பாரு மரத்துக்கிட்ட. ரொம்பக் கோவம் வந்தாச் சிங்களத்துல ஏசுவாரு. எனக்கு அப்ப சிங்களம் தெரியாது, ஏதோ மந்திரம் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டு வருசம் கழிச்சுக் கிராமத்துப் பொம்பளைககூடப் பொலைக்கு, அதான் வாரச் சந்தைக்குப் போயிப் பேசிப் பழகுனப்பத்தான், அடப்பாவி மனுசா, இதையா சொன்னீருன்னு வெளங்குச்சு. அந்த வார்த்தைய உன்கிட்டச் சொல்ல மாட்டேன். போ, சொல்ல மாட்டேன்.

வீட்டுல வந்தா மரவள்ளிக்கெழங்கு. மாமியாகிட்டச் சொல்ற மாதிரி சத்தமாச் சொல்வாரு: "கெழங்குக்கு மேல்தோலு மட்டும் போகணும், அடியில இருக்குற ரோசாத் தோலு கீறக்கூடாது. அப்படி உரிக்கத் தெரிஞ்ச ஆளு இந்த வீட்டுல இருக்கா?" நான் உக்காந்து உரிப்பேன். பொழுது போயிரும். மாமியா, "உங்க பள்ளிக்கூடம் முடிஞ்சதும் சொல்லுங்க, அடுப்பு அணைஞ்சு போச்சு"ங்கும்.

இப்பச் சொல்றேன் கேளு, எம் முட்டாத்தனத்த.

ஒரு மாசம் ஆனதும் என்னக் கீழ் நெரையில தனியா விட்டாரு. அவரு மேல் நெரைக்குப் போயிட்டாரு. எனக்குள்ள இருந்த கொழுந்துக்காரி முழிச்சுக்கிட்டா. பக்கத்து மலையில ஒரு பொம்பள பால் வெட்டுறா, அவள முந்தணும்னு தோணுச்சு. யாரும் சொல்லல, நானாத்தான். ஓடுனேன். செடிக்குச் செடி தாவுற மாதிரி மரத்துக்கு மரம் தாவுனேன். எல்லாருக்கும் முந்தி நெரைய முடிச்சிட்டு இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னேன். வாளியும் நெறைஞ்சிருந்துச்சு. நாப்பது மரம். நாப்பதுலயும் காயம்.

மாமா எறங்கி வந்தாரு. ஒரு மரத்துல வெரல வச்சுப் பாத்தாரு. அடுத்த மரத்துல வச்சாரு. அன்னைக்கு எந்த மரத்துக்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

மறுநாளு கண்டாக்கு ஐயா வந்து நின்னாரு. "ஆரடாப்பா இதை வெட்டினது?"ன்னாரு.

மாமா தலைப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. "நாந்தாங்க. கண்ணு கொஞ்சம் மங்குச்சு."

"நாப்பது மரத்துக்குமோ மங்கினது?"

"நாப்பதுக்கும் மங்குச்சுங்க ஐயா."

ஐயா புத்தகத்துல எழுதுனாரு. அடுத்த நாளு காலையில பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல அத்தன ஆளுக்கும் முன்னால நிக்க வச்சுத் தொரை ஏசுனாரு. தலை நரைச்ச மனுசன், தன் கையால நட்ட மரத்துக்காகத் திட்டு வாங்கிக்கிட்டு நின்னாரு. நான் பொம்பளைக கூட்டத்துல நின்னேன். வாய் தெறக்கல தங்கச்சி. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. சாயங்காலம் மாமியாகிட்ட அழுது சொன்னேன். "அவரு சொன்னது சொன்னதா இருக்கட்டும். நீ வெட்டப் படி"ன்னுச்சு. மாமா மட்டும் ரெண்டு நாளு கழிச்சு ஒரு மரத்துக்கிட்டச் சொன்னாரு: "உனக்கு என்ன அவசரம்? நீ எங்கயும் போகப் போறதில்ல, நாளைக்கும் இங்கதான் நிப்ப."

அதுக்கப்புறம் எங்கையால காயம் விழுகல. அவரு கையால எப்பவுமே விழுகல.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லாட்டிப் பின்னால உனக்குப் புரியாது. மாசம் பொறந்த அன்னைக்கு, அன்னைக்கு வெட்டுன கோட்டுக்கு நேரா பட்டை ஓரத்துல கத்தி முனையால ஒரு சின்னப் புள்ளி வைக்கணும்னு தொரை சொல்லியிருந்தாரு. ஒரு மாசத்துல எம்புட்டுப் பட்டை செலவாகுதுன்னு பாக்குறதுக்கு. கோடு நாளுக்கு நாளு கீழதானே எறங்கும், அதனால மேல இருக்குறது பழைய மாசம், கீழ இருக்குறது புது மாசம். மத்த ஆளுக நெனச்சா வைப்பாக, நெனைக்காட்டி இல்ல. மாமா ஒரு மாசம் தப்பாம, ஒரு மரம் தப்பாம வைப்பாரு. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல எடம் அளந்து வச்ச மாதிரி இருக்கும்.

பதினோரு வருசம் போச்சு. ஒரு நாளு வெட்டிட்டு வந்தாரு, வாளியக் கழுவிக் கவுத்தாரு, கஞ்சி வேணாம்னாரு. மறுநாளு மத்தியானம் போயிட்டாரு. அந்த மாசத்துப் புள்ளிய வச்சு ரெண்டே ரெண்டு வெட்டுதான் வெட்டியிருந்தாரு. அதுக்குள்ள போயிட்டாரு.

கீழ கிராமத்துல இருந்தெல்லாம் சிங்கள ஆளுக வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு வந்தாக. பொலையில வெத்தலை விக்கிற ஆச்சி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துச்சு. நாங்க தீட்டு வீட்டுக்காரவுக, பதினாறு நாளு வேலைக்குப் போகக்கூடாது, கத்தி தொடக்கூடாது. அதனால கங்காணி அந்த மலையத் தன் மருமவன் கையில குடுத்தாரு. கங்காணிதான் எங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு வந்தவரு, அவரு வச்சதுதான் லயத்துல சட்டம். மருமவன் நல்லா வாட்டசாட்டமான ஆளு. மரத்துல கத்திய வச்சா மம்பட்டி போடுற மாதிரி இருக்கும்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கங்காணி பொஞ்சாதி துக்கம் கேக்க வந்துச்சு. மாமியாவக் கட்டிப் புடிச்சு அழுதுட்டு, மூக்கச் சிந்திட்டு, வெத்தலைய மடிச்சுக்கிட்டே சொல்லுது:

"பாவம் அக்கா, கடைசிக் காலத்துல கண்ணு சுத்தமாத் தெரியலயோ என்னமோ. மரம் பூராக் காயமாம். எங்க மருமவன் வந்து சொல்லி வருத்தப்படுது. தொரை வேற பட்டை பாக்க வர்றாராம், என்ன சொல்றதுன்னு இவுக தவிச்சுப் போயிருக்காக. செத்த மனுசன் பேரச் சொல்ல வேண்டியிருக்கேன்னு."

எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. மருமவன் போட்ட காயத்த எங்க மாமா தலையில கட்டப் போறாங்க. செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாருல்ல. மாமியா மூஞ்சியப் பாத்தேன். அது வெத்தலைத் தட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

மறுநாளு வெறகு பொறுக்குற சாக்குல மேட்டு மலைக்குப் போனேன். மரத்தடியில சீவல் கெடக்குது, தங்கச்சி. கட்டை வெரலு கனம். வெத்தலைக் கனம் இருக்க வேண்டியது. கட்டையோட சேந்து வந்திருக்கு. கோட்டுல பாலு நிக்காம பட்டை மேல வழிஞ்சு தரையில கெடக்கு. நான் ஒரு மரத்தத் தொடல. தரையில கெடந்த சீவல மட்டும் மடியில அள்ளிக்கிட்டு வந்து மாமியா முன்னால கொட்டுனேன்.

மாமியாவுக்கு அப்பக் கண்ணுல பூ விழுந்திருந்துச்சு. சீவல வெரலால தடவிப் பாத்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து ஒடிச்சுப் பாத்துச்சு.

"இது உங்க மாமா சீவலா?"

"இல்ல அத்தை."

"தொரை என்னைக்கு வர்றாரு?"

"பதினோராம் நாளு."

என் வீட்டுக்காரரு மூலையில இருந்து, "எங்கப்பா போயிட்டாரு, இனிப் பேரு இருந்து என்ன செய்யப் போகுது. கங்காணியப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு இந்த லயத்துல தண்ணி குடிக்க முடியாது"ன்னாரு.

"ஆத்துல குடிப்போம்"ன்னேன்.

"தீட்டோட மலைக்குப் போனா ஊரு என்ன பேசும்?"

அதுக்கு மாமியா பதில் சொல்லுச்சு. "பதினாறு நாளும் நான் உக்காந்துக்கிறேன். அவளும் சேந்து உக்காந்தாத்தான் அவரு கரையேறுவாருன்னு யாரு சொன்னா? மரத்தையும் கத்தியையும் தொடாத. வாய மட்டும் கொண்டு போ." என்னப் பாத்துச் சொல்லுச்சு.

பதினோராம் நாளு எண்ணெய் வைக்காத தலையோட போனேன். பாதி வழியில கங்காணி என்னப் பாத்துட்டாரு. "ஏ புள்ள, எங்க போற? தீட்டு வீட்டுக்காரிக்கு இங்க என்ன?"ன்னு பாதைய மறிச்சுக்கிட்டு நின்னாரு. நான் நிக்கல. நேரா நடந்தேன். தீட்டுக்காரி மேல பட்டா அவருதானே குளிக்கணும்? வெள்ள வேட்டி, புதுச் சால்வை வேற போட்டிருந்தாரு. நான் கிட்ட வர வர அவரு ஒதுங்க ஒதுங்க, தண்ணி ஓடுற கானுக்குள்ள ஒரு காலு எறங்கிருச்சு. அந்தப் பதினாறு நாளும் இந்தத் தோட்டத்துல என்னக் கையப் புடிச்சு நிறுத்துற தைரியம் எந்த ஆம்பளைக்கும் கெடையாது. நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது.

மலையில தொரை நிக்கிறாரு, கண்டாக்கு ஐயா நிக்கிறாரு, மருமவன் கத்தியோட நிக்கிறான். கங்காணி ஒரு காலு சேத்தோட வந்து சேந்தாரு. தொரை மரத்துல வெரல வச்சுப் பாத்துட்டு மூஞ்சியச் சுழிக்கிறாரு.

கண்டாக்கு ஐயா என்னப் பாத்துட்டாரு. "நீ ஏன் இஞ்ச வந்தனீ? உங்களுக்குத் துடக்கெல்லோ?"

"தள்ளித்தான் நிக்கிறேங்க ஐயா. அந்தக் காயம் எங்க மாமா போட்டது இல்லைங்க. அதச் சொல்லிட்டுப் போயிருவேன்."

தொரைக்குத் தமிழ் வரும், ஆனா ஆம்பள பொம்பள வித்தியாசம் தெரியாம வரும். "இவன் யாரு? என்ன சொல்றான்?"ன்னு கேட்டாரு.

கண்டாக்கு ஐயா புத்தகத்தப் பொரட்டுனாரு. அவரு கெட்டவரு கெடையாது, புத்தகத்துல இருக்குறதத்தான் நம்புவாரு. "கிழவன் முந்தியும் நாப்பது மரத்திலை காயம் போட்டவன், தொரை. தன்ரை வாயாலை கண் மங்கல் எண்டு சொன்னவன். இஞ்ச எழுதிக் கிடக்கு."

கங்காணி உடனே, "நான் சொல்லல?"ன்னாரு.

பதினோரு வருசமா நாக்குல ஒட்டிக்கிட்டுக் கெடந்தது அது. சொன்னா என் கத்தியப் புடுங்கிருவாங்க. சொல்லாட்டி அந்த மனுசன் கண்ணு தெரியாத குருடனா, மரத்தக் கொன்னவனா இந்தத் தோட்டத்துல கெடப்பாரு.

"ஐயா, அந்த நாப்பது மரமும் நான் வெட்டுனது. அவரு கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரு."

கண்டாக்கு ஐயா புத்தகத்துல இருந்து தலையத் தூக்குனாரு.

நான் நிறுத்தல. நிறுத்துனா மறுபடி வாய் தெறக்காதுன்னு தெரியும். "தொரை, பட்டை ஓரத்துல புள்ளி இருக்குங்க. இந்த மாசம் பொறந்த அன்னைக்கு எங்க மாமா வச்சது. அதுக்குக் கீழ ரெண்டு வெட்டுதான் அவரோடது. வெரல வச்சுப் பாருங்க. அந்த ரெண்டுல காயம் இருந்தா அவரச் சொல்லுங்க. அதுக்கும் கீழ இருக்குறது யாரு வெட்டுனதுன்னு கத்தி வச்சிருக்குறவரக் கேளுங்க. மேல உள்ள புள்ளியெல்லாம் பாருங்க. பழைய மாசம் ஒவ்வொண்ணும் இருக்கு."

தொரை குனிஞ்சாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் புள்ளியத் தேடிப் புடிச்சாரு. வெரலால தடவிக்கிட்டே மேல போனாரு, கீழ வந்தாரு. அடுத்த மரத்துக்குப் போனாரு. நாங்க எல்லாம் பின்னாலயே போனோம், நான் மட்டும் எட்ட. எட்டு மரமோ ஒம்பது மரமோ பாத்திருப்பாரு. அப்புறம் மருமவனப் பாத்து, "நீ வெட்டு"ன்னாரு. அவன் வெட்டுனான். விழுந்த சீவல தொரையே எடுத்து வளைச்சுப் பாத்தாரு. இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. எனக்கு அது புரியல. மருமவனுக்குப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, கத்தியக் கீழ வச்சுட்டான்.

கண்டாக்கு ஐயா அங்கயே நின்னு புத்தகத்துல எழுதுனாரு.

"எம் பேர எழுதிட்டீங்களா ஐயா?"

"எழுதியாச்சுது. போ, பிள்ளை."

"எங்க மாமா பேர எடுத்தாச்சுங்களா?"

"எடுத்தாச்சுது எண்டு சொல்லுறன்."

"காட்டுங்க."

ஐயா என்ன ஒரு பார்வ பாத்தாரு. உனக்கு எழுத்துத் தெரியுமோன்னு கேக்க வந்துட்டு, கேக்கல. புத்தகத்த என் பக்கம் திருப்பி எட்ட இருந்தே காட்டுனாரு. மை ஈரமா இருந்துச்சு. எழுத்துக்கு நடுவுல ஒரு கோடு போட்டிருந்தாரு. எழுத்து எனக்குத் தெரியாது. கோடு நல்லாத் தெரியும்.

தொரை, "இனி யாரு வெட்டுறான்?"ன்னு கேட்டாரு. "பதினாறு முடியட்டுங்க, நான் வெட்டுறேன்"ன்னேன். "நாப்பது மரம்"னு வெரல ஆட்டுனாரு. "அது பதினோரு வருசத்துக்கு முந்திங்க"ன்னேன். சரின்னுட்டுப் போயிட்டாரு.

ஆனா அதோட முடியல. புத்தகத்துல பேரு போச்சு, லயத்து வாயில போகல. கங்காணி வீட்டுல இருந்து பேச்சு வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பொம்பள தொரைய மயக்கிப்புட்டா, கெழவன் குருடன்தான், எங்க மருமவன் பாவம்னு. பீலிக்கரைக்குப் போனா ரெண்டு பேரு சொல்றாக, கடைக்குப் போனா மூணு பேரு. புத்தகத்தக் கொண்டு வந்து லயத்துல காட்ட முடியுமா? அப்படியே காட்டுனாலும் யாரு படிப்பா?

பதினாறாம் நாளு கருமாதி. கங்காணிக்குச் சொல்லாம முடியாது, அவருக்குத்தான் மொத எலை. வந்து நடுவுல உக்காந்தாரு. ஆம்பளைக எல்லாம் வரிசையா உக்காந்தாச்சு. என் வீட்டுக்காரரு சோறு போட்டுக்கிட்டு வர்றாரு, நான் பின்னாலயே கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் போட்ட குழம்போட வர்றேன். கங்காணி எலையில சோறு விழுந்துச்சு. நான் அகப்பைய வாளிக்குள்ள விட்டேன். விட்டுட்டு அப்படியே நின்னேன்.

கங்காணி சோத்துல குழி பறிச்சு வச்சுக்கிட்டு நிமிந்தாரு. "என்ன புள்ள, சோறு காயுது."

"காயட்டுங்க ஐயா. அந்த மலைக் காயம் யாரு போட்டதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா ஊத்திருவேன்."

"இதென்ன, எலைக்கு முன்னால கோர்ட்டு வச்சிருக்க?"

"கேகாலைக் கோர்ட்டுக்கு எனக்கு வழி தெரியாதுங்க. இந்த வாசல்தான் தெரியும்."

எல்லாரும் பாக்குறாங்க. என் வீட்டுக்காரரு என்ன செஞ்சாரு தெரியுமா? அடுத்த எலைக்குப் போகாம சோத்துக் கூடைய எறக்கி வச்சுட்டு எம் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாரு. அன்னைக்குத்தான் எனக்கு அந்த மனுசன் மேல முழு ஆசையும் வந்துச்சு, போ, எழுதிக்க.

வரிசைக் கடைசியில ஒரு கெழவரு இருந்தாரு, "யோவ் கங்காணி, சொல்லித் தொலையேன். எனக்குப் பசிக்குது"ன்னாரு. ரெண்டு பேரு சிரிச்சாக. அப்புறம் நாலு பேரு.

கங்காணி சோத்தப் பாத்துக்கிட்டே, "எங்க மருமவன் கைதான். பழக்கம் பத்தல"ன்னாரு.

"எங்க மாமா கை?"

"கெழவன் கை சுத்தம். அந்த மலையில அவரு போட்ட காயம் ஒண்ணு கெடையாது."

"நாப்பது மரம் என்னோடது. அதையும் சேத்துச் சொல்லுங்க, பின்னால யாரும் கெளப்பக்கூடாது."

"சரித்தா, நாப்பது ஒன்னோடது. போதுமா?"

"உள்ள எங்க அத்தைக்குக் காது மந்தமுங்க."

கங்காணி பல்லக் கடிச்சுக்கிட்டு, லயம் பூராக் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னாரு, "கெழவன் கை சுத்தம்"னு. காம்பராவுக்குள்ள இருந்து மாமியா சத்தம் வந்துச்சு. "கேட்டுச்சு. ஊத்து."

ரெண்டு அகப்பை நெறைய ஊத்துனேன். அவரும் சும்மா சொல்லக்கூடாது, மூணு தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு. பலாக்கொட்டை நல்லா வெந்திருக்குன்னு வேற சொன்னாரு. மறுநாளு விடியக்காலம் நான் கத்திய எடுத்துக்கிட்டு மேட்டு மலைக்குப் போயி, மொத மரத்துக்கிட்ட நின்னு, எங்க மாமா மாதிரியே தொண்டையச் செருமி, "ஏம்ப்பா"ன்னேன்…

ஏய் தங்கச்சி, அங்க பாரு, நம்ம கன்னுக்குட்டி கயித்த அறுத்துக்கிட்டுக் கண்டாக்கு பங்களாப் பக்கம் போகுது. அங்க பீன்ஸ் கொடி போட்டிருக்காக. மொளகாய அப்படியே மூடி வை, நான் அதப் புடிச்சுக் கட்டிட்டு வர்றேன்.